கெர்னல் ஏறியது, மாட்யூல் ஏறவில்லை: ஒரே இயந்திரத்தில் மூன்று பூட் கோளாறுகள்

சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) நிறுவ இரண்டே கட்டளைகள் போதும். 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', அதன்பின் 'மேக் இன்ஸ்டால்'. ஆனால் அவை முடியும்போது வட்டில் உட்கார்ந்திருப்பவை மூன்று தனித்தனிப் பொருட்கள்: /பூட் கீழே கெர்னல் இமேஜ், /லிப்/மாட்யூல்ஸ் கீழே மாட்யூல் கோப்புறை (மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டு), மறுபடியும் /பூட் கீழே இனிட்ஆர்டி (ரூட் வட்டைத் திறப்பதற்காக முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு). இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டுவது ஒரே ஒரு சரம்தான், கெர்னலின் ரிலீஸ் பெயர். மூன்றில் ஒன்று வராமல் போனாலும், வந்தது வேறு பெயரில் வந்தாலும், அடுத்த பூட் வரை யாரும் தடுத்து நிறுத்திக் கேட்கமாட்டார்கள். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இயந்திரத்தில் அடுத்தடுத்து வந்த மூன்று கோளாறுகளில் முதல் இரண்டுக்கும் வேர் இதுவே.

இயந்திரமும் தொடக்க நிலையும்

டெபியன் 12, அதோடு வந்த 6.1 கெர்னல். என்விஎம்இ வட்டு. ரூட் பார்ட்டிஷன் லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்கத்துக்குள் எல்விஎம் (வட்டை நெகிழ்வாகப் பிரிக்கும் அடுக்கு), அதற்குள் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு. பூட் தனிப் பார்ட்டிஷன், 512 எம்பி. செக்யூர் பூட் (கையொப்பமுள்ள கெர்னலை மட்டும் ஏற்க விடும் காப்பு) அணைக்கப்பட்டிருந்தது. கம்பைல் செய்யப்பட்டது 6.6 நீண்டகால ஆதரவு வரிசையில் 6.6.30, கிட் களஞ்சியத்தில் அந்த வெளியீட்டைக் குறிக்கும் டேகிலிருந்து எடுத்தது.

கான்ஃபிக் கோப்பு புதிதாக எழுதப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் /பூட்/கான்ஃபிக்-6.1 கோப்பை மூலக்கோப்புறைக்குள் .கான்ஃபிக் என்று நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்டப்பட்டது. புதிதாக வந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் இயல்பு விடையை அதுவே போட்டுவிடும். இது நல்ல தொடக்கம்; வெறுங்கையோடு தொடங்குபவர்கள் ஏதாவது ஒரு வட்டு டிரைவரை மறந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆனால் டிஸ்ட்ரோவின் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பின்) கான்ஃபிக் டிஸ்ட்ரோவின் தேவைக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. அதில் இரண்டு விஷயங்கள் கூடவே வரும். ஒன்று, நம்பகச் சான்றிதழ்க் கோப்பின் பாதை. அந்தக் கோப்பு நம்மிடம் இருக்காது. சான்றிதழை எப்படி உருவாக்குவது என்று தெரியாமல் கம்பைல் நடுவே நின்றுவிடும். 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --செட்-ஸ்ட்ர் சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ் ""' என்று அதை வெறுமையாக்கிவிட வேண்டும். இது உடனே தலைகாட்டும் பிழை, அதனால் ஆபத்தில்லாதது. இரண்டாவது, டீபக் தகவல், அதாவது பிழைத்திருத்தத்துக்காகச் சேர்க்கும் கூடுதல் தகவல். அது எந்தப் பிழையும் காட்டாது. முதல் கோளாறு அங்கிருந்துதான் கிளம்பியது.

ரிலீஸ் பெயர் தனித்துத் தெரிய, கான்ஃபிக்_லோக்கல்வெர்ஷன் மதிப்பு '-டெஸ்ட்' என்று வைக்கப்பட்டது. 'மேக் கெர்னல்ரிலீஸ்' ஓட்டிப் பார்த்தால் 6.6.30-டெஸ்ட் என்று வந்தது. 'மேக் -ஜே8' பிழையின்றி முடிந்தது.

முதல் கோளாறு: இனிட்ஆர்டியே இல்லை

மறுதொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கும் திரைகூட வரவில்லை. ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, அன்நோன்-பிளாக்(0,0) என்ற வரியோடு கெர்னல் பேனிக் (மேற்கொண்டு ஓட முடியாமல் கெர்னல் நின்றுவிடும் நிலை).

அந்த இரண்டு பூஜ்ஜியங்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். வட்டு தெரிந்து, கோப்பமைப்பு மட்டும் புரியாமல் போயிருந்தால் அங்கே அந்த வட்டின் மேஜர், மைனர் எண்கள் நின்றிருக்கும். 0,0 என்றால் ரூட் என்று சொன்ன சாதனத்தைக் கெர்னல் பார்க்கவே இல்லை. லக்ஸுக்குள் இருக்கும் ரூட்டைத் திறக்கப் பயனர்தள நிரல் வேண்டும். அது இனிட்ஆர்டிக்குள் இருக்கிறது. ஆக, இனிட்ஆர்டி ஏற்றப்படவே இல்லை என்பதுதான் முதல் ஊகம்.

க்ரப் என்ற பூட் லோடரின் மெனுவில் பழைய 6.1 கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய்ப் பார்த்தபோது ஊகம் உறுதியானது. /பூட் கீழே விஎம்லினஸ்-6.6.30-டெஸ்ட் (கெர்னல் இமேஜ்), சிஸ்டம்.மேப், கான்ஃபிக் மூன்றும் இருந்தன. இனிட்ஆர்டி.இமேஜ்-6.6.30-டெஸ்ட் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு 'டிஎஃப் -ஹெச் /பூட்' உதவவில்லை. உதவாததோடு திசையும் திருப்பியது. பாதிக்கு மேல் காலி என்று காட்டியது. இடப் பற்றாக்குறையாக இருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இனிட்ஆர்டியை உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் முதலில் .நியூ என்ற பின்னொட்டோடு தற்காலிகக் கோப்பைத்தான் எழுதுகிறது. நல்லபடியாக முடிந்தால் மட்டுமே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறது. இடம் தீர்ந்து தோற்றால் அந்தத் தற்காலிகக் கோப்பை அதுவே அழித்துவிடும். திருடன் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனதுபோல, பிறகு வந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். உண்மையைப் பார்க்க வேண்டுமானால் கையால் மறுபடி ஓட்டி, பக்கத்து டெர்மினலில் ஒவ்வொரு நொடியும் /பூட் அளவைப் பார்க்க வேண்டும்:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே 6.6.30-டெஸ்ட்

அளவு ஏறி ஏறி 100 விழுக்காட்டைத் தொட்டது, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று ஒரு வரி வந்தது, மறுகணம் பழைய நிலைக்கு இறங்கியது.

நிறுவிய நாளிலும் இதே வரி திரையில் வந்திருக்கிறது. 'மேக் இன்ஸ்டால்' உண்மையில் இன்ஸ்டால்கெர்னல் என்ற ஸ்கிரிப்டை அழைக்கிறது. அது இமேஜையும் மற்ற இரண்டு கோப்புகளையும் நகலெடுத்துவிட்டு, அதன்பின்தான் /ஈடிசி/கெர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி கீழே உள்ள ஸ்கிரிப்டுகளை வரிசையாக ஓட்டுகிறது. அதில் ஒன்று இனிட்ஆர்டியை உருவாக்கும், கடைசியாக இருப்பது க்ரப் மெனுவைப் புதுப்பிக்கும். முதலாவது தோற்றதும் வரிசை அறுந்தது. மெனுவில் புதிய கெர்னல் வரவில்லை. மெனுவில் இல்லையே என்று 'அப்டேட்-க்ரப்' கையால் ஓட்டப்பட்டது. அங்கேதான் தவறு முழுமையானது. அந்த நிரல் /பூட் கீழே இமேஜ் இருந்தால் மெனு வரியை எழுதிவிடும். இனிட்ஆர்டி இல்லையென்றால் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பாதுகாப்பாக நின்றுபோயிருந்த ஒரு நிறுவல், மனிதக் கையால் பூட் ஆகாத மெனு வரியாக மாறியது.

இனி இனிட்ஆர்டி ஏன் அவ்வளவு பெருத்தது? 'டியூ -எஸ்ஹெச் /லிப்/மாட்யூல்ஸ்/*' போட்டால் விடை கண்ணெதிரே. டிஸ்ட்ரோவின் 6.1 கோப்புறை சில நூறு எம்பி. புதியது பல ஜிபி. டிஸ்ட்ரோக்கள் டீபக் தகவலோடுதான் கம்பைல் செய்கின்றன. பின்னர் அதைப் பிரித்துத் தனிப் பொதியாக வைத்துவிட்டு, மெலிந்த மாட்யூலை மட்டும் நமக்குத் தருகின்றன. நாம் அவர்களுடைய கான்ஃபிக்கை எடுத்துக்கொண்டோம், பிரிக்கும் படியை எடுத்துக்கொள்ளவில்லை. இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பது இயல்பு அமைப்பு; இந்த இயந்திரத்துக்குத் தேவையோ இல்லையோ, வட்டு, வலை, கோப்பமைப்பு டிரைவர்கள் பெரும்பாலும் உள்ளே போகும். ஒவ்வொன்றும் பத்து மடங்கு பெருத்திருந்தால் மொத்தமும் அப்படித்தான் இருக்கும்.

தீர்வு ஒரே ஒரு மாறி:

சூடோ மேக் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்

மறுபடி கம்பைல் தேவையில்லை. நிறுவும்போது மாட்யூலிலிருந்து டீபக் பகுதி மட்டும் உரிக்கப்படும். கம்பைல் நடந்த கோப்புறையில் முழுத் தகவலோடு மூலப்பிரதி அப்படியே இருக்கும், பிறகு பிழைத்திருத்தத்துக்கு உதவும். டீபக் தகவலையே கான்ஃபிக்கில் அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். அணைத்தால் கம்பைலும் விரைவாகும், வட்டும் மிச்சமாகும். ஆனால் கெர்னலின் தரவு வடிவங்களை விவரிக்கும் பிடிஎஃப் தகவலும் அதோடு போய்விடும். ஈபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) சார்ந்த கண்காணிப்புக் கருவிகள் பல அதை நம்பியிருக்கின்றன. அவை தேவைப்படும் இயந்திரத்தில் உரித்தல்தான் சரி. உரிக்கும்போது பிடிஎஃப் பகுதி போவதில்லை. ஒரு எச்சரிக்கை: 'ஸ்ட்ரிப்' கட்டளையைக் கையால் /லிப்/மாட்யூல்ஸ் மேல் ஓட்டக்கூடாது. மாட்யூல் கையொப்பம் கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும், அது அறுந்துவிடும். மேக் வழியே செய்தால் உரித்த பிறகுதான் கையொப்பமிடும்.

இதன்பின் இனிட்ஆர்டி 60 எம்பி அளவில் உருவானது. கடவுச்சொல் கேட்டது, பூட் ஆனது.

இரண்டாவது கோளாறு: இனிட்ஆர்டி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

சில நாள் கழித்து கெர்னலின் உள்பகுதியில் ஒரு சிறு பேட்ச் போட்டு, கிட்டில் கமிட் செய்து, மறுபடி கம்பைல். பேட்ச் தொட்ட கோப்பு இமேஜுக்குள்ளேயே சேர்வது, மாட்யூல் அல்ல. மாட்யூல்கள் ஏற்கெனவே நிறுவியாயிற்று என்ற நம்பிக்கையில் 'மேக் இன்ஸ்டால்' மட்டும் ஓட்டப்பட்டது. மறுதொடக்கத்தில் ரூட் சாதனம் இல்லை என்ற அலர்ட் வரி, அதன்கீழ் (இனிட்ராம்எஃப்எஸ்) என்ற வெறும் ஷெல். யூஎஸ்பி விசைப்பலகை அங்கே உயிரோடு இல்லை, அதனால் எதையும் தட்டிப் பார்க்கவும் வழியில்லை. விசைப்பலகை செத்திருப்பதே ஒரு தடயம்: அதற்கான யூஎஸ்பிஹெச்ஐடி டிரைவரும் டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் மாட்யூல்தான்.

பழைய கெர்னலில் நுழைந்து /பூட் பட்டியலைப் பார்த்தால் இனிட்ஆர்டி இருந்தது, ஆனால் வெறும் 12 எம்பி. அதன் பெயரின் நுனியில் ஒரு குறி: 6.6.30-டெஸ்ட்+.

அந்தக் கூட்டல் குறியை யாரும் வைக்கவில்லை. கிட் களஞ்சியத்திலிருந்து கம்பைல் செய்யும்போது, நிற்கும் இடம் வெளியீட்டு டேகிலேயே இல்லையென்றால், கம்பைல் அமைப்பு தானாக '+' சேர்க்கும். இது வெளியான மூலம் அல்ல, மாற்றப்பட்டது என்று சொல்வதற்காக. கான்ஃபிக்_லோக்கல்வெர்ஷன்_ஆட்டோ இயக்கத்தில் இருந்தால் '+'க்குப் பதில் கமிட்டின் ஹாஷ் வரும். கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் அதன்பின் '-டர்ட்டி'. ஒரே ஒரு கமிட் போதும், ரிலீஸ் பெயர் மாறிவிடும். பெயர் மாறினால் கெர்னல் தேடும் மாட்யூல் கோப்புறையும் மாறும். /லிப்/மாட்யூல்ஸ்/6.6.30-டெஸ்ட்+ என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இனிட்ராம்எஃப்எஸ் கருவி இதைச் சொல்லாமல் இல்லை. கோப்புறை காணவில்லை, தேவையான டிரைவர் எல்லாம் இமேஜுக்குள் இருப்பதை உறுதிசெய்துகொள் என்று எச்சரித்தது. ஆனால் அது பிழையல்ல, எச்சரிக்கை மட்டுமே. எல்லா டிரைவரையும் இமேஜுக்குள்ளேயே கட்டுபவர்களும் உண்டு என்பதால் நிறுத்தாமல் போய்விடுகிறது. கிரிப்ட்செட்டப், எல்விஎம் நிரல்கள் எல்லாம் உள்ளே போயின. அவை பேசவேண்டிய என்விஎம்இ, டிஎம்-கிரிப்ட் மாட்யூல்கள் போகவில்லை. 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' வெளியீட்டில் .கேஓ என்று முடியும் கோப்புகளை எண்ணினால் பூஜ்ஜியம்.

இந்த இடத்தில் பலரும் கைவைக்கும் குறுக்குவழி, பழைய கோப்புறைக்குப் புதிய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு) போடுவது. வேலை செய்வதுபோலத் தோன்றுவதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒவ்வொரு மாட்யூலிலும் வெர்மேஜிக் என்ற சரம் பொறித்திருக்கும். அதன் முதல் சொல் ரிலீஸ் பெயர். மாட்வெர்ஷன்ஸ் (கெர்னல் இடைமுகம் பொருந்துகிறதா என்று பார்க்கும் வசதி) அணைந்த கெர்னலில் அந்தச் சொல் ஒத்துப்போகாவிட்டால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று உடனே மறுத்துவிடும், நல்லது. டெபியன் கான்ஃபிக்கில் மாட்வெர்ஷன்ஸ் இயக்கத்தில் இருக்கும். அப்போது கெர்னல் அந்த முதல் சொல்லை ஒப்பிடுவதில்லை. மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு சிம்பலின் (கெர்னல் தரும் செயற்கூறு அல்லது மாறியின் பெயர்) சிஆர்சி எண்ணை, அதாவது அதன் வடிவத்திலிருந்து கணித்த சோதனை எண்ணை, மட்டும் ஒப்பிடும். இடைமுகம் மாறாவிட்டால் பழைய மாட்யூல் புதிய கெர்னலில் ஏறிவிடும். இடைமுகத்தின் வடிவம் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறியிருந்தால் சிஆர்சிக்கு அது தெரியாது. பேட்ச் போட்டுச் சோதிக்கும் கெர்னலில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

சரியான வழி சலிப்பானது: எவ்வளவு சிறிய மாற்றமானாலும் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் முதலில், இன்ஸ்டால் அதன்பின். வரிசையை மாற்றினாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் இனிட்ஆர்டியைக் கட்டுவது இரண்டாவது கட்டளைதான். கூட்டல் குறி வேண்டாமென்றால் கம்பைல், நிறுவல் இரண்டு கட்டளைகளிலும் 'லோக்கல்வெர்ஷன்=' என்று வெறுமையாகக் கொடுக்கலாம். ஆனால் அதைவிட, ஒவ்வொரு சோதனைக்கும் -டெஸ்ட்1, -டெஸ்ட்2 என்று பெயரை நாமே மாற்றுவது மேல். ஒரே பெயரில் மறுபடி நிறுவினால் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் அந்தப் பெயரின் கெர்னல் என்ற உள்கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். அதே கெர்னல் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்து நீங்கள் செருகும் பென்டிரைவுக்கு ஏற வேண்டிய மாட்யூல் வேறு கம்பைலிலிருந்து வரும்.

மூன்றாவது கோளாறு: வயர்லெஸ் இல்லை

இப்போது கெர்னல் முழுதாக எழுந்தது. வயர்லெஸ் மட்டும் இல்லை. அந்தக் கார்டின் டிரைவர் கெர்னல் மரத்துக்கு வெளியே உள்ளது, டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் வெளி டிரைவரைக் கட்டித் தரும் கருவி) வழியே கம்பைல் ஆகி ஏறுவது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பழைய கெர்னலுக்கு மட்டும் நிறுவப்பட்டதாகக் காட்டியது. புதியதற்குக் கட்டச் சொன்னால், கெர்னல் கான்ஃபிகரேஷன் செல்லாது, ஆட்டோகான்ஃப்.ஹெச் காணவில்லை என்று நின்றது.

/லிப்/மாட்யூல்ஸ்/<ரிலீஸ்>/பில்ட் என்பது கம்பைல் செய்த மூலக்கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க். நிறுவல் முடிந்ததும் இடம் மிச்சம் பிடிக்க அங்கே 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' ஓட்டப்பட்டிருந்தது. .கான்ஃபிக்கும் உருவாக்கப்பட்ட ஹெட்டர்களும் மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்பும் போயின. பிழைச் செய்தி சொல்வதுபோல 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' செய்து 'மேக் ப்ரிப்பேர்' ஓட்டினால் ஹெட்டர்கள் திரும்பும், மாட்யூல்.சிம்வெர்ஸ் திரும்பாது. அது முழுக் கம்பைலின் விளைபொருள். அது இல்லாமல் வெளி மாட்யூலுக்கு சிஆர்சி எண்கள் கிடைக்கா. ஆக மறுபடி முழுக் கம்பைல்தான்.

இந்தக் கட்டத்தில் இரண்டு கட்டளை முறையையே கைவிட்டது சரியான முடிவு. டெபியன் குடும்பத்தில் சொந்தக் கெர்னலுக்கு இதுவே முதல் வழியாக இருந்திருக்க வேண்டும்:

மேக் -ஜே8 பின்டெப்-பிகேஜி

ரூட் உரிமை வேண்டாம். முடிந்ததும் மூலக்கோப்புறைக்கு மேல் கோப்புறையில் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெட்டர்ஸ் பொதிகள் இருக்கும். டீபக் தகவல் தனிப் பொதியாகப் பிரிந்துவிடும். லினக்ஸ்-லிப்சி-டெவ் என்றும் ஒன்று வரும், அதை நிறுவத் தேவையில்லை. இமேஜும் மாட்யூலும் ஒரே பொதிக்குள் இருப்பதால் ஒன்று வந்து மற்றொன்று வராமல் போகாது. உரித்தலும் தானே நடக்கும். பில்ட் சிம்லிங்க் ஹெட்டர்ஸ் பொதியைச் சுட்டும்; மூலக்கோப்புறையை அழித்தாலும் டிகேஎம்எஸ் பிழைக்கும். இரண்டையும் 'டிபிகேஜி -ஐ' வழியே ஒரே வரியில் நிறுவியதும் வயர்லெஸ் டிரைவர் தானாகக் கட்டிக்கொண்டது.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும் இயந்திரமானால் இன்னொரு படி உண்டு. கையொப்பமில்லாத இமேஜை க்ரப் ஏற்ற மறுக்கும், 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று. இமேஜைச் சொந்தச் சாவியால் 'எஸ்பிசைன்' கொண்டு கையொப்பமிட்டு, அந்தச் சாவியின் சான்றிதழை 'மோக்யூட்டில் --இம்போர்ட்' வழியே பதிய வேண்டும். மாட்யூல்களுக்கு மாட்யூல்_சிக்_ஆல் இயக்கத்தில் இருக்கிறதா என்று கான்ஃபிக்கில் பாருங்கள். டிஸ்ட்ரோக்கள் கையொப்பத்தைத் தனியிடத்தில் செய்வதால் அது அணைந்தே வரக்கூடும்.

மறுதொடக்கத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

முதல் இரண்டு கோளாறுகளும் மறுதொடக்கத்துக்கு முன்பே, இரண்டு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். மூலக்கோப்புறையில் 'மேக் கெர்னல்ரிலீஸ்' தரும் சரத்தை எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் /லிப்/மாட்யூல்ஸ் கீழே கோப்புறையும் /பூட் கீழே இமேஜ், இனிட்ஆர்டி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இனிட்ஆர்டியின் அளவைப் பழைய கெர்னலின் இனிட்ஆர்டியோடு ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒரு பங்காக இருந்தால் மாட்யூல் உள்ளே போகவில்லை; ஐந்து மடங்காக இருந்தால் உரிக்கவில்லை. இந்த ஒரு ஒப்பீடு வேறெந்தச் சோதனையையும்விட அதிகம் சொல்லும். 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' வெளியீட்டில் என்விஎம்இ, டிஎம்-கிரிப்ட், எக்ஸ்ட்4 மூன்றையும் தேடுங்கள்; கிடைக்காதது கான்ஃபிக்கில் '=ஒய்' என்று இருக்கிறதா பாருங்கள், இமேஜுக்குள்ளேயே கட்டியது கோப்பாகத் தெரியாது. கடைசியாக க்ரப்.சிஎஃப்ஜி கோப்பில் புதிய கெர்னல் பகுதியின் கீழ் இனிட்ஆர்டி வரி இருக்க வேண்டும்.

அருகே போகமுடியாத சர்வரானால் ஒருமுறைப் பூட் முறையைப் பயன்படுத்துங்கள். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_டிஃபால்ட்=சேவ்ட் என்று வைத்து, 'க்ரப்-செட்-டிஃபால்ட்' வழியே பழைய கெர்னலை இயல்பாக்கி, 'க்ரப்-ரீபூட்' வழியே புதியதை அடுத்த ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். கெர்னல் வரியில் பேனிக்=30 சேர்த்தால், பேனிக் ஆன 30 நொடியில் தானே மறுதொடங்கி பழையதுக்குத் திரும்பும். க்ரப் தன் நினைவுக் கோப்பில் எழுத முடிந்தால்தான் இது நடக்கும். /பூட் எல்விஎம்முக்குள் இருந்தால் எழுத முடியாது, ஒருமுறை என்பது ஒவ்வொரு முறையும் ஆகிவிடும்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' பற்றி ஒரு வார்த்தை. அந்நேரம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவது அது. கம்பைல் நேரம் பல மடங்கு குறையும். செருகாத பென்டிரைவும் இணைக்காத பிரிண்டரும் அந்நேரம் அதற்குத் தெரியாது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்றப்படாத நிலையில் ஓட்டினால் அதன் கோப்பமைப்பான விஃபேட்டும் அதற்கான எழுத்துக்குறி மாட்யூல்களும் வெட்டுப்பட்டு, எஃப்எஸ்டேப் (பூட்டில் ஏற்றவேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) வரி தோற்று, இயந்திரம் எமர்ஜென்சி மோடில் நிற்கும். எல்லாச் சாதனங்களையும் செருகி, எல்லாப் பார்ட்டிஷன்களையும் ஏற்றிய பிறகு அதை ஓட்டுங்கள்.

தோற்றவற்றை அகற்றுதல்

பொதியாக நிறுவியதை 'ஏப்ட் பர்ஜ்' அகற்றிவிடும். இரண்டு கட்டளை முறையில் வந்த 6.6.30-டெஸ்ட், 6.6.30-டெஸ்ட்+ இரண்டும் எந்தப் பொதிப் பட்டியலிலும் இல்லை. கையால்தான் களைய வேண்டியிருந்தது. முதலில் 'யூநேம் -ஆர்' போட்டு அவற்றில் எதுவும் இப்போது ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -டி -கே' வழியே இனிட்ஆர்டியை நீக்கி, /பூட் கீழே அந்தப் பெயருள்ள விஎம்லினஸ், சிஸ்டம்.மேப், கான்ஃபிக் மூன்றையும், /லிப்/மாட்யூல்ஸ் கீழே அந்தக் கோப்புறையையும் அழித்து, 'அப்டேட்-க்ரப்' ஓட்டப்பட்டது. அழிக்கும் கட்டளையில் பெயரின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டுவிடக்கூடாது: 6.6.30-டெஸ்ட்* என்பது 6.6.30-டெஸ்ட்2 கோப்புறையையும் சேர்த்தே பிடிக்கும்.